மாடி விளக்கு

குண்டு போட வரும் விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாதென்று, துறைமுக விளக்கைக்கூட நகராட்சி அணைத்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் மீன்காரி ஆத்திரம் தாங்காமல், தடுத்த பியூனைத் தள்ளிக்கொண்டு தலைவரின் அறைக்குள் நுழைந்தாள்.

“என் வீட்டுச் சின்ன விளக்கை உங்க ஆளுங்க போட்டு உடைச்சாங்க. உங்க வீட்டு மாடியில மட்டும் ராத்திரி பூரா விளக்கு ஜெகஜோதியா எரியுது. சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?”

தலைவரின் முகம் கறுத்தது. “கத்தாதேம்மா. என் சம்சாரத்துக்கு இருட்டுன்னா பயம். இப்பவே அணைக்கச் சொல்லிடுறேன், போதுமா?” என்று போனை எடுத்தார்.

அவள் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

“அணைக்கவா சொன்னேன்? துறைமுக விளக்கை அணைச்சீங்களே, கடலுக்குப் போனவங்க எப்படித் திரும்புவாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா? நேத்து உங்க மாடி விளக்கைப் பாத்துத்தான் எங்க படகெல்லாம் கரை சேந்துச்சு. இன்னைக்கு யாரோ கடல் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து விட்டிருக்காங்க. அதை விலக்கச் சொல்லுங்கய்யா. என் பையன் இன்னும் வரல!”