முறுக்குக் கொம்பன்

செம்மறிக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தங்கை விம்மி விம்மி அழுதாள். "இந்த முறுக்குக் கொம்பனை மட்டும் கேட்காதண்ணே. மத்தது எது வேணும்னாலும் ஓட்டிட்டுப் போ."

பட்டியின் கம்பிக் கதவில் சாய்ந்து நின்ற அண்ணனுக்கு அந்த அழுகை வெல்லமாக இனித்தது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தங்கை எதன்மேல் ஆசை வைக்கிறாளோ, அதைப் பிடுங்கிக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன், அவர் போன கையோடு வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவள் தீவனக் கிடங்கில்தான் பாய் விரித்துப் படுக்கிறாள். அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த மந்தை ஒன்றுதான். இப்போது அதிலும் பங்கு வேண்டுமென்று வண்டியோடு வந்து நிற்கிறான்.

"அழுது முடிச்சாச்சா? கையை எடு, நான் பார்க்கணும்." உள்ளே வந்தவன், கிடாவின் முதுகு ரோமத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான்.

"ரோமத்தைப் பிடிச்சு இழுக்காதண்ணே, தோலுக்கு அடியில ரத்தம் கட்டிக்கும். தாடைக்குக் கீழ ஒரு கை குடு, பின்பக்கம் ஒரு கை."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று முறைத்தானே தவிர, அவள் சொன்னபடிதான் பிடித்தான். கிடாவை மடக்கிப் பின்புறத்தில் உட்கார வைத்தான். பல்லைப் பார்த்தான். கண் இமையைப் பிதுக்கி ரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தான். குளம்பை முகர்ந்துகூடப் பார்த்தான். கடைசியில் பின்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டுத் தடவி, "ஒரு குறையும் இல்ல" என்று இளித்தான்.

"ராஜா மாதிரி வெச்சிருக்க. பருவத்துக்கு இவனைத்தான் விடுவியா?"

"முதல்ல இவன்தான். இவன் கொஞ்ச நாள் உள்ள சுத்தி வந்தாத்தான் பெட்டைங்க எல்லாம் ஒண்ணாப் பருவத்துக்கு வரும். அப்புறம் அந்தக் கிழவனை விடுவேன்," என்று, மூலையில் அசைபோட்டுக்கொண்டிருந்த குட்டைக் கிடாவைக் காட்டினாள்.

"அது எதுக்கு தண்டத்துக்கு?"

"மிச்ச வேலைக்கு."

வண்டியில் ஏற்றுமுன் ஆடுகளுக்கு நோய் எதுவும் இல்லையென்று சீட்டு எழுத வந்திருந்த கால்நடை டாக்டர் தொண்டையைச் செருமினார். "சார், இந்தக் கொம்பன் கறி இனம். இங்கே இருக்கற பெட்டைங்க கம்பளி இனம், இடுப்பு சின்னது. தலை பெருத்த குட்டியைப் போட முடியாம முதல் வருஷமே சிலது செத்துப்போச்சு. அதனால..."

"கலந்தா குட்டி கனமா வரும், அவ்வளவுதானே? என் பெட்டைங்க நல்ல உசரம், தாங்கும். நானும் ஆடு வளர்க்கறவன்தான் டாக்டர். நீங்க சீட்டை மட்டும் எழுதுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"சரிண்ணே, முடிவா ஒண்ணு சொல்றேன். பெட்டைங்க மொத்தத்தையும் நீயே ஓட்டிட்டுப் போ. எனக்கு இந்தக் கொம்பன் ஒருத்தன் போதும்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். கம்பளி சுருள் சுருளாக அடர்ந்த இளம் பெட்டைகள், பட்டி கொள்ளாமல் நின்றன. அவன் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. தங்கை கிடாவின் கழுத்தை மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அதை அவன் பார்த்துவிட்டான்.

"யார்கிட்ட காது குத்தற? பெட்டை என்கிட்ட கொட்டிக் கிடக்கு. நல்ல கிடா இல்லாமத்தான் தவிக்கிறேன். இவனை நம்பி, இருந்த ஒண்ணையும் கறிக்குத் தள்ளிட்டு வந்திருக்கேன். கொம்பன் எனக்கு. பெட்டைங்களும் அந்தக் கிழட்டுக் கிடாவும் உனக்கு."

"அண்ணே, வேண்டாண்ணே..."

"டாக்டர் சாட்சி. நாளைக்கு யாரும் பேச்சு மாறக் கூடாது."

"சார், பேசி முடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கிடாவைப் பத்தி ஒரு விஷயம்..."

"நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசத்தான் வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்தா மரியாதை."

டாக்டரின் முகம் கறுத்துவிட்டது. எழுதிய சீட்டைப் புத்தகத்திலிருந்து கிழித்து அவன் கையில் கொடுத்தார். சாய்வுப் பலகையில் கிடாவை ஏற்றி, கதவைத் தாழிட்டுவிட்டு, தங்கையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

புழுதி அடங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீர் ஒன்றும் பொய்யில்லை. பூட்டிய வீட்டு வாசலில் ஆத்திரத்தில் அப்படியே நின்றுபோன அழுகை, இன்றைக்குத்தான் கொட்டித் தீர்ந்தது.

டாக்டர் பையை மூடினார். "ரெண்டு தடவை வாயெடுத்தேன், விடலையே அந்த மனுஷன். அடுத்த வருஷம் உன்னை வெட்டறதுக்கு வருவானேம்மா, அப்ப என்ன சொல்லுவ?"

"கொம்பனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணினது டாக்டர்தான், அவரைப் போய்க் கேளுன்னு சொல்லுவேன்."