இறங்கிய தோள்

ஓவியங்களை ரசிக்கக் கற்றுத்தரும் வகுப்பு அன்று கண்காட்சிக் கூடத்தில் நடந்தது. 'பெயரற்ற பெண்' என்று சீட்டு ஒட்டிய படத்தின் முன்னால் ஆசிரியர் உருகிக்கொண்டிருந்தார்.

"இடது தோளை ஓவியர் வேணும்னே இறக்கியிருக்கார். அதுதான் கலை!"

ரசனை வளரும் என்று நம்பிச் சேர்ந்த எஸ்தருக்குக் கோபம்தான் வளர்ந்தது.

"இறக்கல சார். எங்கம்மா தோளே அப்படித்தான். அம்மா ஓவியக் கல்லூரியில மாடலா உக்காந்துச்சு. பேரு ரூபி."

"படத்துல ஆளைத் தேடாதீங்கம்மா. கோடுகளை மட்டும் பாருங்க," என்றார் ஆசிரியர். எல்லாரும் தலையாட்டினார்கள். அதுவும் பாடத்தில் இருந்தது போலும்.

எஸ்தர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று துப்பட்டாவை விலக்கினாள். அவளுடைய இடது தோளும் அதே அளவு இறங்கியிருந்தது.

"இதை இறக்கினது எந்த ஓவியர், சார்?"

பதிலுக்குக் காத்திராமல், கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டின் பக்கம் திரும்பினாள்.