தானாக விழுந்த லாடம்

டக், டக், டக், டொக்.

அந்த நாலாவதுதான். இடது முன்னங்கால்.

அவன் கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்தான். அவனுடைய கறுப்புக் குதிரை மேகலாவின் முதுகில் ஒரு கல்லூரிப் பெண் செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டு வந்தாள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி இது எத்தனையாவது சுற்று என்று குதிரைக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

தார் ரோடு இரும்பைத் தின்னும். மாதம் பிறந்தால் நாலு காலுக்கும் புது லாடம் அடிக்க வேண்டும். அரிசி வாங்குவதைத் தள்ளிப்போடலாம். லாடத்தைத் தள்ளிப்போட்டால் குதிரை நொண்டும். பிறகு அரிசி என்ற பேச்சே கிடையாது.

இந்த மாதம் தள்ளிப்போட்டிருந்தான். மழை. சவாரிக்கு ஆள் இல்லை. லாடம் அடிக்கும் அந்தோணிராஜ் கடன் என்றால் சுத்தியலையே தொட மாட்டார்.

அப்போதுதான் லாட்ஜ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கட்டடத்தின் நிலைப்படியில் அடிக்க அவருக்கு ஒரு லாடம் வேண்டும். கறுப்புக் குதிரையின் காலில் தேய்ந்த லாடம். பிடுங்கியது ஆகாது, தானாகக் கழன்று விழுந்திருக்க வேண்டும். அதிர்ஷ்டம் அதில்தான் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னாராம். அந்த ஒன்றுக்கு, நாலு காலுக்கும் புது லாடம் அடிக்கிற காசைத் தருவதாகச் சொன்னார்.

லாடம் ஆடத் தொடங்கிய அன்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

படகுத்துறை வளைவில் மேகலா நின்றுவிட்டது. இடது காலை ஊன்றவில்லை.

பெண்ணை இறக்கிவிட்டான். பாதிச் சுற்றுக்குக் காசு வேண்டாம் என்றான்.

குளம்பைத் தூக்கி முழங்கால்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தான். ஓர் ஆணி வளைந்து உள்ளே குத்தியிருந்தது. மற்றவை விடாமல் பிடித்திருந்தன. இன்னும் ஒரு சுற்று நடத்தினால் லாடம் விழும். குளம்பில் பாதியைப் பிய்த்துக்கொண்டுதான் விழும்.

மேகலா தலையைத் திருப்பி அவன் முதுகில் வைத்தது. மொத்த பாரத்தையும் வைத்தது. அதற்கும் அலுத்துப்போயிருந்தது.

இடுப்பில் செருகியிருந்த ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தான்.

பிடுங்கிவிட்டான்.

லாட்ஜ் முதலாளி உடனே கை நீட்டவில்லை.

“தானா விழுந்ததுதானே?”

“ஆமா முதலாளி. தானா விழுந்ததுதான்.”

வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பேரம் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தார். ஆசாரியைக் கூப்பிட்டு அப்போதே அடிக்கச் சொன்னார். அவன் கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“பின்வாசலுக்கும் ஒண்ணு வேணும்ப்பா. இதே காசுதான்.”

அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்தோணிராஜின் பட்டறை ரோட்டின் கடைசியில் இருக்கிறது. மேகலா மிச்சம் இருந்த மூன்று லாடங்களோடு தாங்கித் தாங்கி நடந்தது.

வலது பின்னங்காலில் லேசாக ஒரு சத்தம்.

நாலையும் மாற்றத்தான் கையில் காசு இருக்கிறது. மற்ற மூன்றை மாற்றினால் போதாதா என்று மனசு கேட்டது. இது இன்னும் கொஞ்ச நாள் ஆடட்டும், தானாக விழட்டும்.

மறுபடியும் கேட்டது. டொக்.

அவன் கடிவாளத்தைத் திருப்பி, ரோட்டை விட்டுப் புல்லில் இறக்கினான்.

புல்லில் எந்தக் காலும் சத்தம் போடாது.