மெக்கானிக் வரும் நேரம்

தனக்குள் முதன்முதலாக மின்சாரம் பாய்வதற்குச் சற்று முன்னால் ஸ்டெபிலைசர் எழுப்பிய ‘டக்’ என்ற சத்தம் அந்தப் பழைய டிவிக்கு இன்னும் நினைவிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டும் ஒரே ஸ்டாண்டில் குடியிருந்தன.

இப்போது டிவிக்குள் ஈயம் வைத்த இடம் ஒன்று விரிசல் விட்டிருந்தது. சூடேறினால் படம் உருளும். வீட்டுக்கார மரகதம்மாள் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும்.

“மெக்கானிக் வரும்போது காட்டிவிடேன்” என்றது ஸ்டெபிலைசர்.

“காட்டினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அண்ணே. பக்கத்து வீட்டு டிவி போனது, திரும்பியா வந்தது?”

மெக்கானிக் துரைக்கண்ணு வந்தார். டிவி மூச்சைப் பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் படம் இம்மியும் அசையவில்லை.

“நல்லாத்தானேம்மா இருக்கு?”

“உங்களைக் கண்டா மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கு. நீங்க தெருமுனை தாண்டட்டும், ஆட்டம் ஆரம்பிச்சுடும்.”

“அப்போ டிவியில கோளாறு இல்லை. கரண்டுதான் ஏறி இறங்குது. இந்த ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க.”

ஒரே ஒரு முறை உருண்டால் போதும் என்று டிவிக்குத் தெரிந்தது. உருளவில்லை. ஸ்டெபிலைசர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புது ஸ்டெபிலைசர் வந்தது. சாயங்காலம் படம் வழக்கம்போல் உருண்டது.

பழைய ஸ்டெபிலைசரைக் காயலான் கடையில் பிரித்து, செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, தகரத்தைத் தனியாகப் போட்டார்கள்.