முப்பது கிலோ

“முப்பதுப்பா!” என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

அப்பா கதவைத் திறந்து உள்ளே போனார். அதற்குள் அவள் இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தரையில் இருந்த எடை மெஷினில் 30.2 இன்னும் அழியாமல் நின்றது.

எண் சரிதான். அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நேற்று எடுத்த எக்ஸ்ரேயில், வலது கால் எலும்பை வெட்டி நீட்டிய இடத்தில் எலும்பு வெறும் புகையாகத் தெரிந்தது. பாரம் விழுந்தால்தான் புது எலும்பு கெட்டிப்படும்; அதற்காகத்தான் தினமும் அந்தக் காலை மட்டும் மெஷினில் ஊன்றி எத்தனை கிலோ என்று பார்ப்பது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மறுபடி ஆபரேஷன் என்றார் டாக்டர். “வீட்ல நெஜமாவே கால ஊன்றாங்களா சார்?” என்று பிசியோதெரபிஸ்ட் அவரிடமே கேட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? சுருக்கென்றது.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டார். தானே ஏறி நின்று பார்த்தார். அடுத்து காலி கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தார். அதன் கழுத்தில் பொறித்திருந்த எடையை மெஷின் அச்சுப் பிசகாமல் காட்டியது.

மெஷின் மேல் பழி இல்லை. மிச்சம் மகள்தான்.

எடைமேடையில் அவர் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துவார்கள். காலி வண்டியை எடை போடும்போது கிளீனரைச் சீட்டுக்கு அடியில் படுக்க வைப்பார்கள். ஒரு மகானுபாவன் அதே நம்பர் பலகையை மாட்டி வேறு வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினான். எல்லாரையும் அவர் குனிந்து பார்த்தே பிடித்தார்.

இங்கே குனிய வழியில்லை. “லாரியப் பாக்கற மாதிரி பாக்காதீங்கப்பா, கால் நடுங்குது” என்று அவள் முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டாள்.

கால் மட்டும்தான் விஷயம் என்றால்கூடப் பொறுத்திருப்பார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் குட்டையான காலைச் சரி செய்தால் சம்பந்தம் என்றவர்கள் அவர்கள். பெண் பிடிமானம் இல்லாமல் பத்தடி நடந்ததும் தேதி குறிப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா தினமும் காலையில் அவள் எடை பார்க்கிற நேரத்துக்குப் போன் போட்டு, இன்று எத்தனை கிலோ என்று கேட்பார். இவரும் பெருமையாகச் சொல்வார்.

மறுநாள் காலை மகள் கதவைச் சாத்தியதும், முட்டி கடகடக்க அப்பா தரையில் படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்துக் கதவின் அடி இடுக்கு வழியாகப் பார்த்தார்.

வாக்கரின் நான்கு கால்கள். எடை மெஷின். பக்கத்தில், இடது காலை வைக்க அதே உயரத்துக்கு ஒரு பலகை.

இரும்பு வளையங்கள் பூட்டிய வலது கால் பலகைக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. மெஷின் மேல் அழுந்தி நின்றது இடது கால்; மிச்ச பாரமெல்லாம் வாக்கரில்.

வேறு வண்டி.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் காதில் பூச் சுற்றியிருக்கிறாள். எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. சொந்தக் காலையே எவளாவது கெடுத்துக்கொள்வாளா?

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

மணிச் சத்தம் கேட்டதும், உள்ளே அந்த இடது காலின் விரல்கள் சட்டென்று சுருண்டுகொண்டன. நத்தையைத் தொட்டதுபோல.

அப்பா படுத்தபடியே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் ஓடி ஓடி பஸ் பிடித்தவள். கால் குட்டை என்று ஒரு நாளும் அவள் குறைப்பட்டதில்லை. இந்தச் சம்பந்தத்தில் சம்மதமா என்று அவளிடம் கேட்டோமா என்று யோசித்தார். டாக்டரைக் கேட்டார், ஜோசியரைக் கேட்டார், மேனேஜரிடம் லீவு கேட்டார். அவளைக் கேட்ட ஞாபகமே இல்லை.

போனை எடுத்தார். கதவுக்கு அந்தப்பக்கம் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினார்.

“தேதியெல்லாம் பாக்காதீங்க. இது ஒத்து வராது. மன்னிச்சுக்கோங்க.”

எதிர்முனை கத்தக் கத்த வைத்துவிட்டார். எழுந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது. இப்ப வலது கால வை.”

உள்ளே வாக்கர் நகர்ந்தது. இரும்பு வளையம் எதிலோ இடித்தது. வலியில் ஒரு மூச்சு இழுபட்டது.

“பன்னெண்டுப்பா” என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

அவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.