வெறும் வயிறு

அநியாயம் நடந்தது ரெங்கசாமிக்கு. பதுளை ஆஸ்பத்திரியில் நடக்கும் ஊசி மருந்துப் பரிசோதனையில் அவருக்குக் கிடைக்கவிருந்த இடம், ஒரு முட்டை ரொட்டி தின்ற குற்றத்துக்காகப் பறிபோனது.

இரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறி, வயிற்றுவலியில் சுருண்டு எழுந்தவர். அந்தக் கொழுப்பை இறக்குமா என்று ஒரு புது மருந்தை ஆரம்பக் கட்டமாகச் சிலருக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் சேர அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார்.

துணைக்கென்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அண்ணன் மகள் ஜெயந்தினி, சங்கதி கேட்டுக் கொதித்துப்போனாள். வாதம் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

டொக்டர் துவாரகா பொறுமையாகச் சொன்னார்: "சாப்பிடாம வரச் சொன்னனாங்கள், தங்கச்சி. சாப்பிட்டா ரத்தத்தில கொழுப்பு ஏறிக் காட்டும். இருந்தது ஒரே இடம், இண்டைக்குத்தான் கடைசி நாள். அடுத்து நிண்டவரை எடுத்திட்டம்."

அப்புத்தளையிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்தவருக்குப் பசிக்காதா என்றாள் ஜெயந்தினி. கொழும்பு ஆளென்றால் நாளைக்கு வாங்க என்றிருப்பீர்கள், தேயிலைத் தோட்டத்து லயத்து ஆளுக்குத்தானே இந்தச் சட்டம் என்றாள். மருந்து பலிக்குமா என்று தங்களுக்கே இன்னும் தெரியாது என்று டொக்டர் சொல்ல, அப்படியானால் எங்கள் ஆட்களை வைத்தா சோதிக்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் நின்றும் வாதாடினாள். தாதி வந்து இரத்தம் எடுக்கும் அறைக் கதவைச் சாத்தினார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி, மீசையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கைத் தட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் ஆத்திரம் அவர் பக்கம் திரும்பியது.

"கந்தசஷ்டிக்கு வெறுந் தண்ணியில கெடக்குற ஆளு நீங்க. ஒரு காலப்பொழுது பொறுக்க முடியலையா, சித்தப்பா?"

"முடியும்."

"சரி, தின்னீங்க. வாயத் தொடச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. நீங்களாப் போய் ஏன் சொன்னீங்க?"

"சொல்லத்தானே தின்னேன்."

ரெங்கசாமி, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்து நின்னது நம்ம பேக்கரி இப்றாஹீம். போன வருசம் இதே கொழுப்புல கணையம் வீங்கி, செத்துப் பொழச்சவன். நானா விட்டுக் குடுத்தா வாங்கிக்குவானா? உள்ள இப்பதான் ரத்தம் எடுக்குறாங்க. மெதுவாப் பேசு புள்ள, காதுல விழுந்தா எந்திரிச்சு வந்துருவான்."