கூப்பிடுகிற வரைக்கும்

"நான் எழுதுன கெர்னல் ஒரு வரி காட்டிட்டு அப்படியே செத்துப்போகுது மேடம்," என்றார் போனில் எபநேசர். ஓய்வுபெற்றபின் கணினி நிரல் எழுதப் பழகுகிறவர்; இப்போது கணினியையே இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் கைவைத்திருந்தார். தமயந்தியிடம் புதிதாகக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். படுக்கையில் விழுந்துவிட்ட அப்பாவைத் தூங்கவைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"மத்த புரோகிராம் எல்லாம் வேலை முடிஞ்சா கெர்னல்கிட்டத் திரும்பிடும் சார். எல்லாத்தையும் ஓட்டுறதே கெர்னல்தான், அது யார்கிட்டத் திரும்பும்? கடைசியில, திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி முடிவே இல்லாத ஒரு லூப் போடுங்க."

"அப்ப அதுக்கு ஓய்வே கிடையாதா?"

"லூப்புக்குள்ள ஹால்ட்னு ஒரு கட்டளை போட்டா, யாராவது கூப்பிடுற வரைக்கும் தூங்கும்."

"கூப்பிட்டா?"

உள்ளறையில் அப்பா டம்ளரால் கட்டிலைத் தட்டினார். தமயந்தி போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கூப்பிட்டா என்ன செய்யும், மேடம்?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.